சத்துணவு வரிசை ஏன் நகர மாட்டேன் என்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மதிய மணி அடித்தபின் நடப்பதைப் பற்றித் தலைமையாசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குப் போட வசதியாக 240 பிள்ளைகள் சாப்பிடும் ஒரு நடுநிலைப் பள்ளியை மாதிரியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பள்ளியின் எண்ணிக்கையைப் போட்டு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் கடைசிப் பிள்ளைக்குச் சோறு போய்ச் சேரவில்லை. ஆள் பற்றாக்குறைதானே காரணம்?

சில பள்ளிகளில் அதுதான் காரணம். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டிய மையத்தை இரண்டு பேர் ஓட்டிக்கொண்டிருந்தால், யார் என்ன யோசனை சொன்னாலும் ஓரளவுக்குத்தான் உதவும். ஆனால் மூன்று பேரும் இருக்கும் பள்ளிகளிலும் வரிசை நகராமல் நிற்கிறது. ஆள் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள்? கை கழுவும் குழாயிலா, பரிமாறும் மேசை முன்னாலா, சாப்பிட்டபின் தட்டுக் கழுவும் இடத்திலா? மூன்றும் வேறு வேறு நோய்கள்.

பரிமாறும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே ஆள் சோறும் போட்டு முட்டையும் வைத்தால் ஒரு பிள்ளைக்குச் சுமார் 10 விநாடி ஆகிறது என்று வையுங்கள். 240 பேருக்கு 2,400 விநாடி, அதாவது 40 நிமிடம். சோறு போட 6 விநாடி, முட்டை வைக்க 4 விநாடி என்று பிரித்து, இரண்டு பேரை அடுத்தடுத்து நிறுத்தினால் வரிசை 6 விநாடிக்கு ஒரு பிள்ளை என்ற வேகத்தில் நகரும். 24 நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் கையை வேகமாக ஆட்ட வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முட்டைக்காரர் 4 விநாடியை 2 விநாடியாகக் குறைத்தாலும் மொத்த நேரம் 24 நிமிடத்திலிருந்து இறங்காது. சோற்றுக் கரண்டிதான் அங்கே வேகத்தைத் தீர்மானிக்கிறது. எந்த இடம் எல்லாவற்றையும் விட மெதுவோ அந்த இடத்தில் கை வைத்தால்தான் பலன். மற்ற இடங்களில் செய்யும் சீர்திருத்தம் பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எதை அளக்க வேண்டும்? படிவம் ஏதாவது இருக்கிறதா?

படிவம் வேண்டாம். ஏற்கெனவே நிரப்புகிற பதிவேடுகள் போதும். கைபேசியில் நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மணி அடித்தது, முதல் பிள்ளை தட்டில் சோறு விழுந்தது, கடைசிப் பிள்ளை தட்டில் சோறு விழுந்தது, கடைசித் தட்டுக் கழுவி முடிந்தது. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நாள் குறித்தாலே போதும். ஆனால் வேறு வேறு உணவு வரும் நாட்களாகப் பார்த்துக் குறியுங்கள். தக்காளி சாத நாளும் சாம்பார் நாளும் ஒரே மாதிரி ஓடாது.

முதல் இரண்டு நேரங்களுக்கு நடுவே பத்து நிமிடம் போனால் சிக்கல் சமையலிலோ குழாயிலோ இருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே என்றால் பரிமாறுவதில். கடைசி இரண்டுக்கும் நடுவே என்றால் தண்ணீரில்.

பிள்ளைகளைச் சீக்கிரம் சாப்பிடச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீராதா?

தீராது, சொல்லவும் கூடாது. "ம், சீக்கிரம், சீக்கிரம்" என்று பிரம்போடு நடக்கிற ஆசிரியரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வரிசையை விரைவுபடுத்துவதே பிள்ளைகள் நிதானமாகச் சாப்பிடத்தான். வரிசையில் வீணான நேரத்தைப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்குவது என்ன நியாயம்?

தட்டோடு உட்கார்ந்தபின் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பள்ளிகளுக்குச் சொல்கிறது. நிற்கும் நேரம் இதில் சேராது. இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 20 நிமிடம் கிடைத்தபோது சாப்பிட்டதை விட 10 நிமிடமே கிடைத்தபோது பிள்ளைகள் பழமும் காய்கறியும் குறைவாகச் சாப்பிட்டார்கள். நம் ஊரிலும் அவசரத்தில் தட்டில் ஒதுங்குவது கீரையும் கேரட்டும்தான். முட்டை ஒரு நாளும் ஒதுங்காது.

ஆகவே இலக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம்: வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடம் மிஞ்ச வேண்டும். உணவு இடைவேளை 50 நிமிடம் என்றால், கை கழுவி, சோறு வாங்கி, கடைசியில் தட்டையும் கழுவ 30 நிமிடம் இருக்கிறது. அதற்குள் அடக்கப் பார்ப்போம்.

வரிசையில் நிற்க வைப்பதா, பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவதா? எது வேகம்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும்.

பந்தியில் பிள்ளை நகராது, வாளி நகரும். கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சோற்றோடு முன்னால் போக, அடுத்தவர் சாம்பார் வாளியோடு பின்னால் வர, ஒரு வரிசை முழுக்கச் சில நிமிடத்தில் முடிந்துவிடும். தட்டை நீட்டுவது, நகர்வது, அடுத்தவன் வருவது என்ற இடைவெளி அங்கே இல்லை. பரிமாறுகிறவரின் கை ஓயாமல் வேலை செய்கிறது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பந்திதான் சரி என்பது என் கருத்து. சூடான சோறு விழுந்த தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, ஓடி வரும் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு நடுவே ஆறு வயதுப் பிள்ளை நடந்துபோவதைப் பார்க்கவே பயமாக இருக்கும். பாதி வழியில் தட்டுக் கவிழ்ந்தால் அந்தப் பிள்ளை அழும், தரையைத் துடைக்க ஆள் போகும், வரிசை நிற்கும்.

பந்திக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது இடம். வாளியோடு ஆள் நடக்கும் அளவுக்கு வரிசைகளுக்கு நடுவே வழி இருக்க வேண்டும். பிள்ளைகள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நடுவில் வழி விட்டால் ஒரே நடையில் இரண்டு பக்கமும் பரிமாறலாம். இரண்டாவது வாளியின் கனம். அண்டாவோடு யாராலும் நடக்க முடியாது, பெரிய வாளியை நிரப்பினாலும் பத்துப் பிள்ளை தாண்டுவதற்குள் கை கடுத்துப் போகும். அரை வாளிதான் சரி. நிரப்பிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் பந்தியை முழுப் பள்ளிக்கும் நடத்த முடியாது.

பல பள்ளிகளுக்குக் கலப்பு முறை ஒத்துவரும். சின்ன வகுப்புகளுக்கு முதலில் பந்தி, அது முடிந்ததும் பெரிய வகுப்புகளுக்கு வரிசை. பெரிய பிள்ளைகள் பசி பொறுப்பார்கள். பொறுக்க மாட்டோம் என்று சொல்வார்கள், ஆனாலும் பொறுப்பார்கள்.

உணவும் இதைத் தீர்மானிக்கும். முன்பு பெரும்பாலும் சோறும் சாம்பாருமாக இருந்த சத்துணவில் 2013இல் சோதனை முறையில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கக் கலவை சாதங்கள் வந்தன. வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், புளிசாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் ஒரே கரண்டியில் முடிந்துவிடும். வரிசைக்குத் தோதானவை. வெள்ளைச் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்கும் வரும் நாளில் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று கை வேண்டும். அந்த நாள் மட்டும் பந்திக்கு மாறும் பள்ளிகளும் உண்டு. நல்ல யோசனைதான்.

கை கழுவும் இடத்திலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கழுவாமல் விடவும் முடியாது. என்ன செய்ய?

பலரும் பார்க்கத் தவறும் இடம் இது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். நனைப்பதையும் அலசுவதையும் சேர்த்தால் ஒரு பிள்ளைக்கு 30 விநாடி. நான்கு குழாய் இருந்தால் நிமிடத்துக்கு 8 பேர். 240 பேருக்கு 30 நிமிடம்! பரிமாறும் இடத்தில் நான்கு பேரை நிறுத்தினாலும் சரி, ஏழு பேரை நிறுத்தினாலும் சரி, குழாயிலிருந்து நிமிடத்துக்கு எட்டுப் பேர்தான் வந்து சேர்வார்கள். இந்தக் கணக்கைப் போடாமல் கூடுதல் உதவியாளர் கேட்பதில் அர்த்தமில்லை.

ஆனால் அந்த 30 விநாடியில் குழாய் உண்மையில் தேவைப்படுவது சுமார் 10 விநாடிதான். மீதி நேரம் தேய்ப்பது, அதைக் குழாயடியில் நின்றுதான் செய்ய வேண்டும் என்று ஒன்றுமில்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து, மூடியில் துளை போட்டு, வரிசையின் தொடக்கத்தில் ஒரு மாணவர் தலைவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பீச்சினால் பிள்ளைகள் நகர்ந்துகொண்டே தேய்ப்பார்கள். குழாயடிக்கு வரும்போது அலசினால் போதும். அதே நான்கு குழாயில் 240 பேரும் 10 நிமிடத்தில் முடிப்பார்கள். தண்ணீரும் மிச்சம். கோடையில் தொட்டி வறண்டு கிடக்கும் பள்ளிகளுக்கு இதன் அருமை தெரியும்.

பணம் கொஞ்சம் இருந்தால் சுவரோரம் நீளமாக ஒரு பிவிசி குழாய் ஓட்டி, வரிசையாகத் திருகுகள் வைக்கலாம். சின்னப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பெரியவர் இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்கிறார்கள் என்று திட்டுவது நம் வழக்கம்.

முட்டை நாளில் வரிசை ஊர்கிறதே?

பள்ளி நாள் எல்லாமே இப்போது முட்டை நாள்தான். ஊர்வதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணிக்கை. அரிசி அளவில் ஒரு பிடி கூடக் குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். முட்டை அப்படியில்லை, கணக்குக் காட்ட வேண்டிய பொருள். அதனால் அமைப்பாளர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே கொடுப்பார், அல்லது யாராவது பெயர் பார்த்து டிக் அடிப்பார்கள். வரிசை அங்கேதான் கட்டிக்கொள்கிறது.

எண்ணுவதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். காலை வருகைப் பதிவை வைத்து வகுப்புக்கு ஒரு பாத்திரம் என்று பிரித்து வைக்கலாம். நான்காம் வகுப்பில் இன்று 31 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பாத்திரத்தில் 31 முட்டை. பரிமாறும்போது எண்ணத் தேவையில்லை. வகுப்பு முடியும்போது பாத்திரம் காலியாக இருந்தால் கணக்குச் சரி, ஒன்று மிஞ்சினால் யாரோ வாங்கவில்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கான வாழைப்பழமும் அதே பாத்திரத்தோடு போகட்டும். "எனக்கு முட்டை வேண்டாம் டீச்சர்" என்ற பேச்சு வரிசையில் வரவே வரக்கூடாது, அந்தப் பட்டியல் காலையிலேயே வகுப்பாசிரியர் கையில் இருக்க வேண்டும்.

உரிப்பதற்கு ஒரு சமையல் யோசனை. முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பதை விட, தண்ணீர் கொதித்தபின் போட்டு, வெந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் ஓடு ஒட்டாமல் வரும். மிகவும் புதிய முட்டை உரிக்கச் சிரமப்படுத்தும். இரண்டு மூன்று நாள் ஆன முட்டை எளிதாக உரியும். மசாலாவில் புரட்டிய முட்டைக்குச் சின்னக் குழிக்கரண்டி வையுங்கள். தட்டையான கரண்டியில் அது நழுவி ஓடும், அதைத் துரத்திப் பிடிப்பதிலேயே ஐந்து விநாடி போகும்.

எல்லோரையும் ஒரே மணியில் விடாமல் பிரித்து விடலாமா?

விடலாம். செலவே இல்லாமல் அதிகப் பலன் தருவது இதுதான். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 10 நிமிடம் முன்னால் மணி, மற்றவர்களுக்கு வழக்கமான மணி என்று வைத்தாலே குழாயடியிலும் மேசையிலும் கூட்டம் பாதியாகும். சின்னப் பிள்ளைகள் மெதுவாகச் சாப்பிடுவார்கள், அவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டும்தான்.

மேல்நிலை வகுப்புகளும் அதே வளாகத்தில் இருந்தால் பாடவேளை இடிக்கும், ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். அங்கே மணியை மாற்றாமல், வகுப்பு வாரியாக ஐந்தைந்து நிமிட இடைவெளியில் கூப்பிடலாம். தங்கள் முறை வரும்வரை பிள்ளைகள் வகுப்பிலோ மரத்தடியிலோ உட்கார்ந்திருக்கட்டும். வெயிலில் வரிசையில் நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். கூப்பிடும் வரிசையை வாரம் ஒருமுறை சுற்றி விடுங்கள், ஒரே வகுப்பு எப்போதும் கடைசியாக இருக்க வேண்டாம்.

வகுப்பு வாரியாக விடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் என்பது தேசிய அளவிலான கணக்கு. வெந்தபின் இரண்டரை, மூன்று மடங்கு எடை வரும். சின்னவரும் பெரியவருமாகக் கலந்து வந்தால் பரிமாறுகிறவர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து அளவு யோசிக்க வேண்டும். வகுப்பாக வந்தால் கரண்டி அளவு ஒன்றுதான், யோசனை இல்லை.

எந்த மாதிரிக் கரண்டி?

ஒரு முறை அள்ளினால் ஒரு பங்கு வரும் கரண்டி. மூன்று முறை அள்ளிக் கொட்டி, நான்காவதாகக் கொஞ்சம் தட்டி விடுகிற சின்னக் கரண்டியை எடுத்து வைத்துவிடுங்கள். சத்துணவுக் கூடத்தில் இல்லையென்றால் பாத்திரக் கடையில் கிடைக்கும், பெரிய விலை இல்லை.

"இன்னும் கொஞ்சம்" என்று திரும்பி வரும் பிள்ளைகளால் வரிசை குழம்புகிறது.

அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். வயிறு நிறையட்டும் என்பதற்குத்தானே இவ்வளவும்! மறுசோற்றுக்குத் தனி இடம் வையுங்கள், அல்லது எல்லோரும் உட்கார்ந்தபின் ஒருவர் வாளியோடு ஒரு சுற்று வரட்டும். இரண்டாவது வழி இன்னும் நல்லது. கூச்சப்பட்டு எழுந்து வராத பிள்ளைகளும் அப்போது வாங்கிக்கொள்வார்கள். மறுபடி கிடைக்கும் என்று தெரிந்தால் முதல் முறையே நிறையக் கேட்டு வீணாக்குவதும் குறையும்.

சமையலே தாமதமாக முடிகிறது. வரிசையைச் சரிசெய்து என்ன பயன்?

அப்படியானால் கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். மணி அடிக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் சமையல் முடிந்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் நடக்க வேண்டியவை உண்டு. முதலாவது சுவை பார்த்தல். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள், ஓர் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் சுவைத்துப் பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்று சொல்கின்றன. நேரமில்லை என்று இதைத் தாண்டிப் போகிற பள்ளி எனக்குத் தெரிந்து உண்டு. வேகம் தேடுகிறவர்கள் கை வைக்கக் கூடாத இடம் இது.

அப்புறம், அண்டாவிலிருந்து சின்னப் பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சோறு சற்றே ஆறட்டும். மிகச் சூடாக இருந்தால் பிள்ளை தட்டை வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்த நேரமும் இடைவேளையிலிருந்துதான் போகிறது. மூடி வைத்து அரை மணி போனால் சோறு ஒன்றும் ஜில்லென்று ஆகிவிடாது. மணிக்கணக்கில் வைப்பதுதான் ஆபத்து.

சமையல் தாமதத்துக்கு வழக்கமான காரணம் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரிய வருவதற்கே பதினொரு மணி ஆகிவிடுவது. முதல் பாடவேளைக்குள் எண்ணிக்கை சமையலறைக்குப் போய்விட வேண்டும். காய்கறி நறுக்குவது இன்னொரு காரணம். பிரியாணி நாளில் பீன்சும் கேரட்டும் நறுக்குவதற்கே நேரம் பிடிக்கும். நறுக்குவதற்கு முன் உலை வைத்துவிடுகிற அனுபவசாலிச் சமையலரிடம் நீங்கள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சமையலறை வாசலிலேயே பரிமாறினால் தூக்கிச் செல்லும் வேலை மிச்சமாகுமே?

வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2023 நவம்பரில் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் ஒரு சிறுமி கொதிக்கும் சாம்பார் அண்டாவில் விழுந்து உயிரிழந்தாள். அடுப்புக்கும் பெரிய பாத்திரத்துக்கும் பக்கத்தில் பிள்ளைகளின் வரிசை வரக்கூடாது. வரிசையில் தள்ளுமுள்ளு வராமல் இருக்காது.

பரிமாறும் மேசை சமையலறைக்கு வெளியே, நிழலில், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி இருக்கட்டும். சோறு வாங்கிய பிள்ளை திரும்பி வரிசைக்குள்ளேயே புகுந்து வர வேண்டிய அமைப்புதான் பாதி இடங்களில் சிக்கல். மேசையை நான்கடி நகர்த்தினால் சரியாகிவிடும்.

பெரிய மாணவர்களைப் பரிமாறச் சொல்லலாமா?

ஜப்பானில் இதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். வகுப்பறையிலேயே முறை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். முறை எல்லோருக்கும் வரும், ஆசிரியரும் அங்கேயே சாப்பிடுவார்.

நம் பள்ளிகளில் நான் கோடு போடுவது இங்கே: தண்ணீர் ஊற்றுவது, சோப்பு பீச்சுவது, வாழைப்பழம் கொடுப்பது, சின்னப் பிள்ளையின் தட்டைப் பிடித்துக்கொள்வது இவற்றை மாணவர்கள் செய்யலாம். சூடான சோறு, சாம்பார், அண்டா தூக்குவது எல்லாம் பெரியவர் வேலை. செய்கிற வேலையும் முறை வைத்துச் சுற்ற வேண்டும். சொன்ன பேச்சுக் கேட்கும் அதே நாலு பேர், அல்லது எப்போதும் பெண் பிள்ளைகள் என்று ஆகிவிட்டால் அது பயிற்சி இல்லை, சம்பளமில்லாத வேலை.

பிள்ளைகள் தங்களுக்குள் தனித்தனிக் கூட்டமாக உட்காருகிறார்கள். விட்டுவிடலாமா?

நண்பர்களாக உட்கார்ந்தால் விட்டுவிடலாம். தெருவாரியாக, சாதிவாரியாக உட்கார்ந்தால் விடக்கூடாது. சமைத்தவர் யார் என்று பார்த்துச் சாப்பிட மறுத்த செய்திகள் இந்த மாநிலத்திலிருந்தே வந்திருக்கின்றன. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. வகுப்பு வாரியாக, வந்த வரிசைப்படி உட்கார வைத்தால் இந்தப் பிரிவினைக்கு இடமே இருக்காது. வரிசையும் ஒழுங்காகும். தனித் தட்டு, தனிப் பந்தி என்று யார் கேட்டாலும், பெற்றோரே வந்து கேட்டாலும், முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

தட்டுக் கழுவும் இடத்தில் சேறும் நெரிசலும்.

குழாய்க்கு முன்னால் மிச்சத்தைக் கொட்ட ஒரு வாளி வையுங்கள். சோற்றுப் பருக்கையைக் குழாயடியில் தள்ளுவதால்தான் வடிகால் அடைத்துச் சேறாகிறது. இரண்டு பெரிய டப்பில் தண்ணீர் வைத்து, முதலாவதில் தேய்த்து, இரண்டாவதில் அலசி, கடைசியாகக் குழாயில் ஒரு முறை காட்டினால் குழாய் முன்னால் நிற்கும் நேரம் குறையும். டப்புத் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், அது ஒரு வேலைதான். கை கழுவும் குழாயும் தட்டுக் கழுவும் குழாயும் ஒன்றாக இருந்தால், முதலில் சாப்பிட்டு முடித்தவர்களும் இன்னும் சாப்பிடாதவர்களும் அங்கே மோதிக்கொள்வார்கள். பாதிக் குழாய் கை கழுவ, பாதி தட்டுக் கழுவ என்று பிரித்து, சுவரில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள்.

மழை நாளில்?

வாளியில் எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கே போய்விடுங்கள். முன்கூட்டியே ஒருமுறை ஒத்திகை பார்த்து வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் தவிக்க வேண்டாம்.

காலை உணவுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் ஆம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள், உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்றவை. முட்டை எண்ணும் வேலை இல்லை. ஆனால் மதியம் எல்லோரும் ஒரே மணியில் வருகிறார்கள், காலையில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். இங்கே பெரிய வரிசைக்காகக் காத்திருக்காமல் வர வரப் பரிமாறிவிடலாம். தாமதமாக வரும் பிள்ளைக்கு எடுத்து வையுங்கள். தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைதான் பெரும்பாலும் தாமதமாக வரும், அதற்குத்தான் பசியும் அதிகம்.

தனியார் பள்ளிக் கேன்டீனுக்கு இதெல்லாம் பொருந்துமா?

குழாய்க் கணக்கும் மணியைப் பிரிப்பதும் அப்படியே பொருந்தும். அங்கே கூடுதலாக ஒரு முட்டுக்கட்டை உண்டு, சில்லறை. ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டும் பிள்ளைக்கு மீதி தேடுவதற்குள் வரிசையில் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். காலையிலேயே டோக்கன் விற்றுவிடுங்கள், அல்லது பெற்றோரிடம் மாதக் கட்டணமாக வாங்கிவிடுங்கள். மதியம் கவுண்டரில் பணமே புழங்கக் கூடாது. அப்புறம் அந்த நீளமான விலைப் பட்டியல். பத்து வகை எழுதிப் போட்டால் ஒவ்வொரு பிள்ளையும் மேசைக்கு வந்தபின்தான் அண்ணாந்து பார்த்து யோசிக்கும். மதியத்துக்கு மூன்று வகை போதும், பட்டியலை வரிசையின் தொடக்கத்தில் மாட்டுங்கள்.